ஐஸுக்கு அடியில் ஓடிய வண்டி

வாத்துக்கழுத்து ஏரியின் ஐஸ் உடைந்து பத்மசீலன் தன் ஸ்னோமொபைலோடு உள்ளே போனது டிசம்பர் பதினோராம் தேதி பிற்பகல் மூன்று மணிக்கு. மறுநாள் காலை ஒன்பது மணிக்கெல்லாம் அவன் ஐஸுக்கு அடியில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்ததை ஊரில் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள். சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு மஞ்சள் விளக்கு தண்ணீருக்குள் மங்கலாகத் தெரிந்து, படகுத்துறையிலிருந்து புறப்பட்டு, ஹெல்மியின் மீன்பிடிக் குடிலை ஒரு சுற்றுச் சுற்றி, தேவாலயத்துக்கு நேரே சற்று நின்று, வந்த வழியே திரும்பிப் போனது. அது போன இடமெல்லாம் மேலே நின்றவர்களின் பூட்ஸுக்குள் எஞ்சினின் அதிர்வு ஏறியது. அதிர்வை வைத்தே அது எந்த வண்டி, யாருடைய வண்டி, தேய்ந்த இழுவைப்பட்டியை மாற்றாமல் ஓட்டுகிறவன் யார் என்பதைச் சொல்லத் தெரிந்தவர்கள் அந்த ஊரில் இருந்தார்கள், அவர்கள் சொன்னார்கள்.

செயின்ட் ஒடில் என்ற அந்த ஊர் கனடாவின் வடக்கே நெடுஞ்சாலை வந்து முடிகிற இடத்தில் இருந்தது. எழுநூறு பேர், ஒரு தேவாலயம், ஒரு மதுக்கடை, ஒரு பெற்றோல் நிலையம். பெற்றோல் நிலையத்தையும் அதோடு ஒட்டிய கடையையும் பதினான்கு வருடங்களாக நடத்தி வந்தவர்கள் பத்மசீலனும் அவன் மனைவி யோகமலரும். பிள்ளைகள் இல்லை, அந்த ஊரில் வேறு தமிழரும் இல்லை. ஏரியின் அக்கரைக்குத் தரைப்பாதை கிடையாது என்பதால் வருடத்தில் ஐந்து மாதம் ஐஸ்தான் அங்கே ரோட்டு, ஸ்னோமொபைல்தான் சைக்கிள், கார், ஆம்புலன்ஸ் எல்லாம்.

மூன்று நாள் பொலிஸின் நீரடி வீரர்கள் இறங்கித் தேடினார்கள். ஆளும் அகப்படவில்லை, வண்டியும் அகப்படவில்லை. அவர்கள் இறங்கும்போது விளக்கு தள்ளிப் போய் நின்றது, ஏறியதும் திரும்பி வந்தது. படிவத்தில் 'கிடைத்தது', 'கிடைக்கவில்லை' என்று இரண்டே கட்டங்கள் இருந்தன. பொலிஸ் சார்ஜன்ட் இரண்டிலும் அடையாளம் போடாமல் கையெழுத்து வைத்துவிட்டு, சூடான கோப்பி ஒன்று வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

முதல் வாரம் ஊர் பயந்தது, இரண்டாம் வாரம் பழகியது, மூன்றாம் வாரம் குறை சொல்லத் தொடங்கியது. ஹெல்மி, அக்கரையில் தனியாக இருந்த பின்லாந்துக்காரி, மீன் கொத்துகிற நேரம் பார்த்து அவன் வந்து தண்ணீரைக் கலக்குகிறான் என்று சொல்லி இரும்பு அகப்பையால் ஐஸில் தட்டுவாள். விளக்கு கொஞ்சம் நகர்ந்துகொள்ளும். பள்ளிக்கூட இடைவேளையில் பிள்ளைகள் விளக்குக்குப் பின்னால் வரிசையாக ஓடி, மணி அடித்ததும் வரிசையாகவே திரும்பி வந்தார்கள். இறந்தவனுக்கான பூசையை வைக்கவும் முடியாமல் வைக்காமல் விடவும் முடியாமல் பாதிரியார் ஒரு மாதம் யோசித்து, கடைசியில் பயணத்தில் இருப்பவர்களுக்கான செபத்தில் அவன் பெயரைச் சேர்த்துக்கொண்டார். தபால்காரன் அவனுக்கு வந்த கடிதங்களைத் திருப்பி அனுப்பவில்லை. பெற்றோல் எப்படி இன்னும் தீரவில்லை என்று ஒரேயொருவர் கேட்டார், யோகமலர் சொன்னாள்: "அவர் போகேக்கை எப்பவும் டாங்கை நிரப்பிக்கொண்டுதான் போவார்." அதோடு அந்தக் கேள்வி முடிந்தது.

யோகமலருக்கு இருந்த கேள்வி வேறு. அன்றைக்கு அந்த இடத்தில் ஐஸ் எத்தனை அங்குலம் இருந்தது?

பத்மசீலன் பருத்தித்துறைக் கடற்கரையில் பிறந்தவன். பதினொரு வயதில் தகப்பனோடு கட்டுமரம் ஏறியவன். கடலைப் பார்த்தவனுக்கு ஏரி ஒரு பள்ளம் என்பான். ஐஸைத் துளைத்து அளந்து பார்க்கிறவர்களைக் கண்டால் சிரிப்பான். அன்று ஹெல்மியின் வீட்டு ஜெனரேட்டருக்கு ஒரு பற்றரி கொண்டுபோக வேண்டியிருந்தது. எந்தப் பக்கத்தால் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று யோகமலர் கேட்டதற்கு, "நான் என்ன கொழும்புக்கே போறன்?" என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனான். ஆறு வந்து ஏரியில் விழுகிற குறுகிய இடத்தை ஊரார் கழுத்து என்பார்கள். அடியில் ஓட்டம் இருப்பதால் அங்கே ஐஸ் எப்போதும் பிந்தித்தான் இறுகும். சுற்றிப் போனால் இருபது நிமிடம், கழுத்தால் போனால் ஏழு நிமிடம். அவன் கழுத்தால் போனான்.

எத்தனை அங்குலம் என்று அவள் சார்ஜன்டிடம் கேட்டாள். இரண்டரை இருக்கலாம் என்றாள் சார்ஜன்ட். ஊர் ஸ்னோமொபைல் கிளப்பின் தலைவர் லியோ பூஷேயிடம் கேட்டாள். மூன்று இருக்கலாம் என்றார் அவர். இருக்கலாம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒரு பெண் எப்படித் தூங்குவது? கடையில் நான்கு வருடமாக விற்காமல் தொங்கிக்கொண்டிருந்த ஐஸ் துளைக்கும் கைத்திருகு ஒன்றை அவள் இறக்கினாள், தூசு தட்டினாள், பதினான்கு வருடத்தில் ஒருநாளும் கால் வைக்காத ஏரியில் கால் வைத்தாள்.

எப்படி அளப்பது என்பதை அவள் கடைக்கு வந்த துண்டுப்பிரசுரத்தைப் படித்துத் தெரிந்துகொண்டாள். தெளிந்த நீலம் நல்ல ஐஸ், பால் போல வெளுத்தது அதில் பாதி, சாம்பல் நிறம் ஆகவே ஆகாது. ஒருவர் நடக்க நாலு அங்குலம், ஒரு வண்டி ஓட ஐந்தாறு, கூட்டமாகப் போவதென்றால் பத்துக்கு மேல். ஐம்பது அடிக்கு ஒரு துளை. காலடி வைக்குமுன் தடியால் தட்டு. தனியே போகாதே, போனால் சொல்லிவிட்டுப் போ. இவற்றையெல்லாம் அவள் ஒருமுறை படித்தாள், ஒன்றையும் மறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் காலை எட்டரைக்குக் கடைக் கண்ணாடியில் எந்த வழியால் போகிறாள் என்று எழுதி ஒட்டிவிட்டு இறங்குவாள். தோளில் கயிறு, கழுத்தில் இரண்டு கைபிடி ஆணிகள். மரப்பிடி போட்ட அந்த ஆணிகளை ஒரு நூலில் கோத்துத்தான் விற்பார்கள். தண்ணீரில் விழுந்தவன் வழுக்குகிற ஐஸில் அவற்றைக் குத்திக் குத்தித் தன்னை மேலே இழுத்துக்கொள்ளலாம். அளந்த அங்குலங்களை வந்து கடை வாசல் பலகையில் சோக்கால் எழுதுவாள்.

முதல் நாள் முதல் துளையைப் போட்டு நிமிர்வதற்குள் விளக்கு வந்துவிட்டது. துளைக்குள் தண்ணீர் மஞ்சளாகி, எஞ்சின் மெல்ல உறுமிக்கொண்டு நின்றது. முகம் தெரியவில்லை. விளக்கும் அதன் பின்னால் ஒரு கறுப்பும் மட்டும்.

"இப்ப வந்து நில்லுங்கோ," என்றாள் யோகமலர். "கேக்கேக்கை ஒரு வார்த்தை சொல்லேல்லை. இப்ப வந்து நில்லுங்கோ."

பிறகு அளவுகோலை விட்டு அளந்தாள். ஏழரை. அடுத்த இடத்துக்கு நடந்தாள், விளக்கும் நடந்தது. அப்படியே அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும். முதல் வாரம் ஏசினாள். அதன்பிறகு குளிர்பெட்டி இரைகிறது, பாண் கொண்டுவருகிற லொறி வரவில்லை, ஊரிலிருந்து உங்கள் தங்கச்சி போன் எடுத்தாள், உங்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை என்று அன்றாடக் கதைகளைச் சொன்னாள். அவன் உயிரோடு இருந்த காலத்தில் இவ்வளவு நேரம் நின்று அவள் பேச்சைக் கேட்டதில்லை.

ஜனவரி நடுவில் லியோ பூஷே ஒன்றைக் கவனித்தார். அவர் அறுபது வயதுக்காரர், மரம் அறுக்கும் ஆலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கவனித்ததை உரக்கச் சொல்லாமல் இருக்க முடியாதவர். விளக்கு நிற்கிற இடத்தில் யாருடைய வண்டியும் உள்ளே போனதில்லை என்றார் அவர். விளக்கு போகிற வழியே போனவர்கள் எல்லாரும் வீடு வந்து சேர்ந்தார்கள் என்றார். உண்மைதான். அந்த ஐந்து வாரமும் யோகமலர் ஐஸ் தடித்த வழியாகப் பார்த்துத்தான் நடந்திருந்தாள், விளக்கு அவளோடு போயிருந்தது, அவள் கரை ஏறிய பிறகும் அந்த வழியிலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் லியோ காலை பத்து மணிக்கு முன் எழும்புகிறவர் அல்ல என்பதால் விளக்கை மட்டுமே பார்த்திருந்தார். செத்தவன் நமக்கு வழி காட்டுகிறான் என்று அவர் மதுக்கடையில் சொன்னதை இரண்டு நாளில் ஊரே சொன்னது. மூன்றாம் நாள் அது எல்லாருக்கும் முன்பே தெரிந்த விஷயமாகிவிட்டது.

அதன்பின் செயின்ட் ஒடிலில் யாரும் ஐஸை அளக்கவில்லை. துளைத்திருகுகளைக் கொட்டிலில் போட்டார்கள். விளக்கு இருக்கிறதே என்று தனியாகப் போனார்கள், விளக்கு இருக்கிறதே என்று குடித்துவிட்டுப் போனார்கள், ஹெல்மெட்டைக் கைபிடியில் கொழுவிக்கொண்டு தலைமயிர் பறக்கப் போனார்கள். ஓட்டுகிறவன் விழுந்தால் எஞ்சினை நிறுத்துகிற கைக்கயிறு ஒவ்வொரு வண்டியிலும் உண்டு. அதை யாரும் மணிக்கட்டில் மாட்டவில்லை. ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காத ஒவ்வொரு நாளும் அந்த நம்பிக்கை ஓர் அங்குலம் தடித்தது.

"பலகையில் எழுதுவதை யாரும் பார்க்கிறதில்லை, லியோ," என்றாள் யோகமலர் ஒருநாள், அவர் பெற்றோல் அடிக்க வந்தபோது.

"உன் கணவர் பார்த்துக்கொள்கிறார், மலர்."

"அவர் உயிரோடு இருந்தபோது ஒருநாளும் அளந்ததில்லை."

"அதனால்தான் இப்போது கவனமாக இருக்கிறார்," என்றார் லியோ, மிகுந்த மரியாதையோடு, தொப்பியைக் கழற்றி. மரியாதையோடு சொல்லப்படுகிற முட்டாள்தனத்துக்குப் பதில் சொல்ல அவளுக்கு இரண்டாம் பாஷையில் சொற்கள் போதவில்லை.

பிப்ரவரி இரண்டாம் வாரம் குளிர்காலத் திருவிழா வந்தது. அதற்கு முந்தின நான்கு நாள் காற்று தெற்கிலிருந்து அடித்து மழை பெய்தது. கூரைகளில் தொங்கிய ஐஸ் விழுதுகள் உதிர்ந்தன, ஆறு பெருகியது. விளக்கைப் பற்றிய செய்தி அதற்குள் தொலைவுக்குப் போயிருந்தது. டொரொன்டோவிலிருந்து இரண்டு வான் நிறையத் தமிழ் இளைஞர்கள் வந்து இறங்கி, கிளப்பில் ஒன்பது வண்டிகளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, பெற்றோல் நிலைய வாசலில் நின்று படம் எடுத்தார்கள். அவர்களில் கேதீஸ் என்று ஒருவன், இருபத்தெட்டு வயதுக்காரன், லிஃப்ட் திருத்துகிற வேலை செய்கிறவன், கடைக்குள் வந்து யோகமலரைக் கண்டதும் சந்தோஷத்தில் கூவினான்.

"அக்கா! நீங்கள்தானே பத்மசீலன் அண்ணையின்ரை மிஸ்ஸிஸ்? நாங்கள் அண்ணையைப் பார்க்கத்தான் ஏழு மணித்தியாலம் ஓடி வந்தனாங்கள்."

"முந்தி இந்த வண்டி ஓடியிருக்கிறீரோ, தம்பி?"

"இல்லை. மோட்டச்சைக்கிள் ஓடுவன்."

"மோட்டச்சைக்கிள் தண்ணியிலை ஓடுறேல்லை. மழை பெய்து ஐஸ் மெலிஞ்சு போச்சு. குறிக்கம்பு நட்ட பாதையை விட்டு விலகாதேங்கோ. கழுத்துப் பக்கம் போகவே வேண்டாம்."

"நீங்கள் ஏனக்கா பயப்பிடுறியள்? அண்ணை கீழை நிக்கிறார்தானே."

யோகமலர் மேசைக்கு வெளியே வந்தாள். சுவரில் தொங்கிய ஆணிச்சோடி ஒன்றை எடுத்து, தாய் பிள்ளைக்குச் சங்கிலி போடுவதுபோல் அவன் தலைக்கு மேலால் மாட்டி, ஜக்கெட்டுக்கு வெளியே தெரிய இழுத்து விட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கும் மாட்டப் போனாள். அதற்குள் அவர்கள் வெளியே ஓடிவிட்டார்கள். கேதீஸ் வெட்கத்தோடு, ஆனால் கழற்றாமல், அவர்களுக்குப் பின்னால் போனான்.

அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு அவள் கழுத்தை அளக்கப் போனாள். திருவிழாக் கூட்டம் அந்தப் பக்கம் வராமல் கயிறு கட்டிவிட வேண்டும் என்பது எண்ணம். வானம் தாழ்ந்து கிடந்தது. எது பனி, எது வானம் என்று பிரித்தறிய முடியாத வெளிச்சம். கடைச் சாமான் இழுக்கிற தன்னுடைய சின்ன வண்டியைக் கழுத்துக்கு இருநூறு அடி கிழக்கே, பன்னிரண்டு அங்குலம் அளந்த இடத்தில் நிறுத்திவிட்டு, தடியால் தட்டித் தட்டி நடந்தாள். ஒன்பது. ஏழு. ஐந்து. அங்கேயே நின்று, கையை நீட்டி, முன்னால் ஒரு துளை போட்டாள். திருகு இரண்டு சுற்றில் உள்ளே இறங்கிவிட்டது. மூன்று அங்குலம், சாம்பல் நிறம். ஆறு அடியில் இரைந்தது. வழக்கம்போல் விளக்கு வந்து துளைக்கு நேர்கீழே நின்றது.

நிமிர்ந்தபோது ஏரியின் நடுவிலிருந்து பதினான்கு வண்டிகள் ஒரே வரிசையில் வருவதைக் கண்டாள். முன்னால் லியோ, பின்னால் கிளப்காரர் நால்வர், அவர்களுக்குப் பின்னால் டொரொன்டோப் பெடியள் ஒன்பது பேர். குறிக்கம்புப் பாதையை விட்டு நேரே கழுத்தை நோக்கி வந்தார்கள். அவள் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். பதினான்கு பேரும் கை ஆட்டினார்கள்.

அப்போதுதான் யோகமலருக்கு விளங்கியது. அவர்கள் விளக்கைப் பார்த்து வருகிறார்கள். விளக்கு அவளைப் பார்த்து வருகிறது. இன்று அவள் மெல்லிய ஐஸைப் பார்த்து வந்திருக்கிறாள். ஒரு மாதமாக இந்த ஊர் எந்த வழியில் வண்டி ஓட்டியதோ அது அவளுடைய காலடி வழி. பத்மசீலன் யாரையும் காக்கவில்லை, யாருக்கும் வழி காட்டவில்லை, எந்த இடம் மெல்லியது எந்த இடம் தடித்தது என்று அவனுக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. பெண்சாதி எங்கே நிற்கிறாளோ அங்கே வந்து நிற்கத்தான் தெரியும்.

ஓட முடியாது, அந்த ஐஸில் ஓடினால் அவளே போய்விடுவாள். வயிற்றில் படுத்து, தடியைக் குறுக்கே பிடித்து, பல்லி போல ஊர்ந்தாள். ஐந்து, ஏழு, ஒன்பது. எழுந்து நடந்தாள். பிறகு ஓடினாள். வண்டியை உசுப்பிக் கிழக்கே, ஏரியின் மிகத் தடித்த குடாப் பக்கமாக, கைபிடி முறியும்படி திருகிப் போனாள். போய்க்கொண்டே, "வாங்கோ, இஞ்சாலை வாங்கோ," என்று கத்தினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கால்களுக்கடியில் அதிர்வு வந்தது. விளக்கு அவளைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து அவளோடு சேர்ந்து ஓடியது. அதைப் பார்த்து லியோ கைபிடியைத் திருப்பினார். லியோவைப் பார்த்து அடுத்தவர். அப்படியே வரிசை முழுவதும், தையல் பிரிவதுபோல, கழுத்திலிருந்து விலகி வளைந்தது.

கடைசி வண்டி வளையவில்லை. கேதீஸ் படம் எடுத்துக்கொண்டு வந்தவன். விளக்கு போனதையும் காணவில்லை, வரிசை போனதையும் காணவில்லை. அவள் போட்ட துளைக்கு இருபது அடி இப்பால் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தது, முன்பக்கம் வானத்தைப் பார்த்தது, ஒரு சத்தமும் இல்லாமல் வண்டி அவனோடு உள்ளே போய்விட்டது. அவன் தலை மட்டும் மேலே வந்து மிதந்தது.

யோகமலர் வண்டியைத் திருப்பினாள். திருப்பிய கணமே நிறுத்தினாள். அவள் போனால் விளக்கு வரும். விளக்கு வந்தால் பதின்மூன்று வண்டிகளும் வரும். தோளில் கயிறு இருந்தது. கயிற்றுக்கும் அவனுக்கும் இடையே முந்நூறு அடி இருந்தது. அவள் எஞ்சினை அணைத்தாள், வண்டியின் இருக்கை மேல் ஏறி நின்றாள், இரண்டு கைகளையும் வாயில் குவித்தாள். அங்கே நின்றவர்களில் தமிழ் தெரிந்தவர்கள் அவளும் அந்தப் பெடியளும்தான்.

"தம்பி! மூச்சை விடு! முதல் மூச்சை விடு! வந்த பக்கம் திரும்பு!"

தலை திரும்பியது.

"அங்காலை போகாதை! வந்த பக்கம்தான் தடிப்பு! கழுத்திலை ஆணி கிடக்கு, எடு! குத்து! ரெண்டு கையாலையும் குத்து!"

கை ஒன்று மேலே வந்தது. இரண்டாவது வந்தது. ஐஸின் விளிம்பு உடைந்தது. திரும்பவும் குத்தினான், திரும்பவும் உடைந்தது.

"உடையட்டும்! உடைச்சுக்கொண்டு வா! காலை அடி! நீந்துற மாதிரி அடி! மாறி மாறிக் குத்து!"

நெஞ்சு ஏறியது. இடுப்பு ஏறியது. அவன் முழங்காலை ஊன்றப் போனான்.

"எழும்பாதை! எழும்பினியோ போனாய்! உருளு! பாய் சுருட்டுற மாதிரி உருண்டு வா!"

கேதீஸ் உருண்டான். சாம்பல் ஐஸிலிருந்து வெள்ளைக்கு, வெள்ளையிலிருந்து நீலத்துக்கு, நாற்பது அடி உருண்டான். அதற்குள் லியோ தன் வண்டியிலிருந்து இறங்கி, அவள் எறிந்த கயிற்றை எடுத்துக்கொண்டு, அளந்த துளைகளின் வரிசை வழியே தவழ்ந்து போய், அவனைக் கட்டி இழுத்து வந்தார். ஹெல்மியின் குடிலில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உடுப்பைக் கழற்றி, கம்பளியில் சுற்றி, நெஞ்சுக்கு முதலில் சூடு கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு பல் அடிப்பது நின்றதும் கேதீஸ் பேசினான்.

"நான் கீழை போகேக்கை அண்ணையைப் பார்த்தனான், அக்கா. லைட் தெரிஞ்சுது. கனக்கத் தூரத்திலை. கை நீட்டினன். அது என்னட்டை வரேல்லை. உங்களுக்குக் கீழையே நிண்டுது."

"ஓம்," என்றாள் யோகமலர். "எனக்குத் தெரியும்."

திங்கட்கிழமை கிளப் மண்டபத்தில் அவள் எழுந்து நின்று தனக்கு விளங்கியதை எல்லாருக்கும் சொன்னாள். ஊர் கவனமாகக் கேட்டது. கேட்டுவிட்டு, அப்படியானால் விஷயம் இன்னும் இலேசாகிவிட்டது என்று முடிவு செய்தது. நல்ல ஐஸில் மட்டும் நீ நட, மலர், என்றார் லியோ; காலை பதினொன்றுக்கு ஒருமுறை, பிற்பகல் மூன்றுக்கு ஒருமுறை; விளக்கு உன்னோடு வரும், நாங்கள் அதன் பின்னால் வருவோம். அவர் இதைத் தாளில் அச்சடித்துத் தேவாலயத்திலும் மதுக்கடையிலும் ஒட்டினார். எட்டு நாள் அவள் அப்படியே நடந்தாள். முன்னால் ஒரு பெண், அவளுக்குக் கீழே ஒரு விளக்கு, அவர்களுக்குப் பின்னால் நாற்பது ஐம்பது வண்டிகள் மாடு மேய்ச்சலுக்குப் போவதுபோல் மெதுவாக. கடையில் ஒரு ஆணிச்சோடியும் விற்கவில்லை. கெட்ட ஐஸை அளக்க இனி அவள் போகக் கூடாது. வேறு யாரும் போகப் போவதும் இல்லை. எது எங்கே மெலிந்து கிடக்கிறது என்று அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாத எட்டு நாள் அவை.

ஒன்பதாம் நாள் காலை யாரும் எழும்புமுன், கடைக் கண்ணாடியில் வழியை எழுதி ஒட்டிவிட்டு, அவள் மட்டும் ஏரியின் நடுவுக்கு நடந்தாள். திருகைச் சுற்றித் துளை போட்டாள். பதினொன்று. மண்டியிட்டு உட்கார்ந்தாள். விளக்கு வந்தது.

"இஞ்சேருங்கோ," என்றாள். "உங்களை நம்பிச் சனம் வருது. உங்களுக்கு ஒண்டும் தெரியாது எண்டு எனக்குத்தானே தெரியும்."

எஞ்சின் உறுமிக்கொண்டு நின்றது.

"நீங்கள் எனக்காகத்தான் வாறியள். அது போதும். இருவத்திமூண்டு வருசத்திலை இந்த ரெண்டு மாசம்தான் நான் சொன்னதை எல்லாம் நிண்டு கேட்டியள். இதையும் கேளுங்கோ."

துளையின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு, வாய் தண்ணீருக்குக் கிட்டப் போகும்படி குனிந்தாள்.

"லைட்டை நூருங்கோ. வண்டியை நிப்பாட்டுங்கோ. போயிட்டு வாங்கோ எண்டு நான் சொல்லேல்லை. போங்கோ."

முதலில் எஞ்சின் நின்றது. உள்ளங்கைக்கு அடியில் இரண்டு மாதமாக இருந்த அதிர்வு இல்லாமல் போனபோது ஏரி எவ்வளவு பெரியது என்பது தெரிந்தது. விளக்கு மட்டும் கொஞ்ச நேரம் எரிந்தது. அது அணைந்தபோது திடீரென்று அணையவில்லை; மஞ்சள் வெளுத்து, வெள்ளை கரைந்து, துளைக்குள் கறுத்த தண்ணீரும் அதில் மிதந்த ஐஸ் துருவலும் மிஞ்சின.

ஊர் அவளை இதற்காக மன்னிக்கவில்லை. விளக்குப் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை, பள்ளிப் பிள்ளைகள் இடைவேளையில் அழுதார்கள், பாதிரியார் பயணத்தில் இருப்பவர்களின் செபத்திலிருந்து ஒரு பெயரை எடுத்து இறந்தவர்களின் செபத்தில் சேர்த்தார், லியோ பூஷே பதினொரு நாள் அவளோடு பேசாமல் பெற்றோல் அடித்துக்கொண்டு போனார், பன்னிரண்டாம் நாள் கடைக்குள் வந்து முகத்தைப் பார்க்காமல் ஒரு கைத்திருகும் இரண்டு சோடி ஆணியும் வாங்கினார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். அந்தக் குளிர்காலம் முடியும் வரை ஏரி வேறு யாரையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதெல்லாம் பிறகு.

அன்று காலை யோகமலர் எழுந்து நின்று கரையைப் பார்த்தாள். கால் மைல் இருக்கும். அதே வழியால்தான் வந்திருந்தாள். தன் காலடிகள் தனக்கு முன்னாலேயே தெரிந்தன. பதினொரு அங்குலம் என்று தானே அளந்திருந்தாள். ஆனாலும் தூக்கிய காலைத் திரும்ப அதே இடத்தில் வைத்தாள். இரண்டு மாதத்தில் ஒருநாளும் அவள் இந்த ஏரியில் பயந்ததில்லை. மூன்று அங்குலத்தின் விளிம்பில் நின்றபோதும் பயந்ததில்லை. அடியில் ஆள் நின்றதால் பயம் வரவில்லை. ஊரைப்போலத்தான் தானும் நடந்திருக்கிறாள் என்பது இப்போது விளங்கியது.

அவள் தடியை எடுத்தாள். முன்னால் ஒருமுறை தட்டினாள், சத்தத்தைக் கேட்டாள், ஒரு காலை வைத்தாள். திரும்பத் தட்டினாள், கேட்டாள், மற்றக் காலை வைத்தாள். கரை ஏறும் வரை அப்படியே போனாள்.